திரையில் தெரியும் எண்கள்: எவை அளந்தவை, எவை கணித்தவை?

சென்ற மாதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்து உடற்பயிற்சிக்கூடத்தில், பக்கத்து டிரெட்மில்லில் அரை மணி நேரம் நடந்து முடித்த ஒரு பெரியவர், இயந்திரத்தின் திரையையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். திரை 241 கலோரி என்றது. கடிகாரம் 151 என்றது. "தம்பி, நடந்தது ஒரே காலு. கணக்கு மட்டும் எப்படி ரெண்டு? எது நெசம்?" என்று என்னிடம் கேட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டே நான் சொன்ன அரைகுறைப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்க்கும் முயற்சியாகவே இதை எழுதுகிறேன்.

உடற்பயிற்சிக் கருவிகள் காட்டும் எண்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முதல் வகை, கருவி நேரடியாக அளந்தது: டிரெட்மில்லின் பட்டை எத்தனை மீட்டர் நகர்ந்தது, மார்பில் கட்டும் துடிப்புமானிப் பட்டை எத்தனை துடிப்புகளைப் பிடித்தது என்பவை இதில் அடங்கும். இரண்டாம் வகை, அளந்ததை ஒரு சூத்திரத்தில் போட்டுக் கணித்தது. கலோரி, விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு), உடல் கொழுப்பு விழுக்காடு ஆகியவை இந்த வகை. மூன்றாம் வகை, பல கணிப்புகளைக் கலந்து, கருவியைச் செய்த நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட முறைப்படி போடும் மதிப்பெண். 'தயார்நிலை', 'உறக்க மதிப்பெண்' போன்ற பெயர்களில் வருவது அது. திரையில் மூன்றும் ஒரே எழுத்தளவில், ஒரே பளபளப்புடன் தோன்றுவதால், மூன்றுக்கும் ஒரே நம்பகத்தன்மை இருப்பதாக நாம் எடுத்துக்கொண்டு விடுகிறோம்.

பெரியவரின் கலோரியிலிருந்தே தொடங்கலாம். உணவுப் பொட்டலத்திலும் கடிகாரத்திலும் 'கலோரி' என்று நாம் சொல்வது உண்மையில் கிலோகலோரி. பயிற்சியில் அது எவ்வளவு செலவாகிறது என்பதைக் கணக்கிட 'மெட்' என்ற அலகு பயன்படுகிறது. ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 1 மெட். அதாவது உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன், அல்லது மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி. ஒரு பயிற்சி 6 மெட் என்றால், சும்மா இருப்பதைப் போல் ஆறு மடங்கு செலவு என்று பொருள்.

நடைக்கான மெட் அளவைக் கணிக்க, அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் என்ற விளையாட்டு மருத்துவ அமைப்பு வகுத்த சூத்திரம் பரவலாக வழக்கில் இருக்கிறது. வேகத்தையும் ஏற்றத்தையும் அதில் போட்டால் ஆக்சிஜன் அளவு கிடைக்கும். பெரியவர் நடந்தது மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில், 5 விழுக்காடு ஏற்றத்தில். சூத்திரப்படி அது நிமிடத்திற்குக் கிலோவுக்கு 22.5 மில்லிலிட்டர், அதாவது சுமார் 6.4 மெட். 75 கிலோ எடையுள்ள ஒருவர் அப்படி அரை மணி நேரம் நடந்தால் 241 கிலோகலோரி. ஆனால் பெரியவரின் எடை 58 கிலோ! தொடங்கும்போது இயந்திரம் கேட்ட கேள்விகளைத் தாண்டிவிட்டு, பெரும்பாலோர் செய்வதைப் போலவே, அவர் பச்சைப் பொத்தானை அழுத்தி நடக்கத் தொடங்கியிருந்தார். இயந்திரம் தனக்குள் ஏற்கெனவே பதிந்திருந்த 75 கிலோவை எடுத்துக்கொண்டது. 58 கிலோவுக்கு அதே கணக்கைப் போட்டால் 186 வரும்.

அப்படியும் கடிகாரத்தின் 151 வரவில்லை. மிச்ச வித்தியாசத்துக்குக் காரணம் 'மொத்தக் கலோரி', 'செயற்பாட்டுக் கலோரி' என்ற இரண்டு சொற்களில் ஒளிந்திருக்கிறது. அந்த அரை மணி நேரம் அவர் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் உடல் ஏறத்தாழ 29 கிலோகலோரியைச் செலவிட்டிருக்கும். இயந்திரம் அதையும் சேர்த்துச் சொல்கிறது. கடிகாரம் அதைக் கழித்துவிட்டு, நடந்ததால் கூடுதலாகச் செலவானதை மட்டும் காட்டியது. 186-இல் 29 போனால் 157. இப்போது இரண்டும் பக்கத்தில் வந்துவிட்டன அல்லவா? இதற்கு மேல், ஏற்றத்தில் நடக்கும்போது அவர் முன்கம்பியை இறுகப் பிடித்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உடல் பாரத்தின் ஒரு பகுதியைக் கை சுமக்கிறது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது.

இரண்டு எண்கள் ஒத்துப்போவதாலேயே அவை சரி என்று ஆகிவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் ஏழு கைப்பட்டைக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. கலோரிக் கணிப்பிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு. அதன் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் கடிகாரம் 300 என்று சொன்னதை நம்பி அந்த 300-க்குச் சரியாகப் பரோட்டா கணக்குப் போடுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இதற்கு நேர்மாறாக, கூடத்தின் மூலையில் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கும் ரோயிங் மெஷின் என்ற துடுப்பு இயந்திரம் காட்டும் 'வாட்' நேர்மையான எண். விசிறிச் சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழல்கிறது, எவ்வளவு விரைவாக வேகம் குறைகிறது என்பதை வைத்து, நீங்கள் இழுத்ததில் எவ்வளவு திறன் சக்கரத்துக்குப் போனது என்று அது கணக்கிடுகிறது. உங்கள் வயதோ எடையோ அதற்குத் தேவையில்லை. அந்த இயந்திரத்தில் 500 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்கும் வேகம் என்பது ஏறத்தாழ 203 வாட். இன்றைக்கும் அவ்வளவுதான், அடுத்த ஆண்டும் அவ்வளவுதான்.

அடுத்தது இதயத்துடிப்பு. கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்குகள் மினுக்குவது தெரியும். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும், பின்பு குறையும். திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் துடிப்பைச் சொல்கிறது. மார்புப் பட்டை வேறு வழியில் செயல்படுகிறது. இதயத்தின் மின் சமிக்ஞையையே அது பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே கம்பியில்லா மார்புப் பட்டையை ஓட்டக்காரர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. துல்லியத்தில் இன்றும் மார்புப் பட்டைக்கே முதலிடம்.

ஒளியை நம்பும் முறைக்கு எதிரிகள் பல. கடிகாரம் தளர்வாக இருந்தால் வெளிச்சம் உள்ளே புகுந்துவிடும். பச்சை குத்திய தோலில் மை ஒளியை விழுங்கிவிடும். பளு தூக்கும்போது மணிக்கட்டு மடங்கித் தசை இறுகுவதால் இரத்த ஓட்டத்தின் தடம் குழம்பும். ஓடும்போது சில சமயம் கடிகாரம் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்திற்கு 165 அடி எடுத்து வைப்பவருக்குத் துடிப்பும் 165 என்று காட்டும். நம்மவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: கோயிலில் கட்டிய கயிறு. அது சென்சாருக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு கடிகாரத்தைத் தோலிலிருந்து தூக்கிவிடும். கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை. கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல்கடை மேலே ஏற்றிக் கட்டினால் போதும்.

துடிப்பு அளந்த எண். ஆனால் அதை ஒட்டி வரும் 'மண்டலம்' அல்லது 'ஸோன்' கணித்த எண். உங்கள் உச்சத் துடிப்பு எவ்வளவு என்று கடிகாரம் முதலில் ஊகிக்கிறது. பிறகு அதில் 50 முதல் 60 விழுக்காடு முதல் மண்டலம், 60 முதல் 70 இரண்டாம் மண்டலம் என்று ஐந்தாகக் கூறு போடுகிறது. ஊகிப்பதற்கான பழைய வழி, 220-இலிருந்து வயதைக் கழிப்பது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதில் 0.7 பங்கை 208-இலிருந்து கழிக்கும் வாய்பாட்டைத் தந்தது. நம் பெரியவருக்கு 61 வயது. முதல் வழியில் 159, இரண்டாம் வழியில் 165. இரண்டுமே சராசரி மட்டும்தான். ஒரே வயதுக்காரர்களுக்குள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் இருப்பது சாதாரணம்.

கார்வோனன் முறை என்ற இன்னொன்று, ஓய்வுத் துடிப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் கிடைப்பது 'கையிருப்பு'. பெரியவரின் ஓய்வுத் துடிப்பு 70 என்றால் கையிருப்பு 89. அதில் பாதியை 70-உடன் கூட்டினால் 114 அல்லது 115. நேரடியாக உச்சத்தில் பாதி என்று கணக்கிட்டால் 80 வரும், அது நாற்காலியிலிருந்து எழுந்தாலே எட்டிவிடும் துடிப்பு. ஆகவே, 'ஐம்பது விழுக்காடு' என்று எவராவது சொன்னால், எதில் ஐம்பது என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவுமே பொருந்தாது; அந்த மாத்திரை துடிப்பை உயரவிடாது. மண்டலத்தை எட்ட வேண்டும் என்று அவர்கள் விரட்டி ஓடுவது ஆபத்தானது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பேச முடிகிறதா, பாட முடிகிறதா என்று பார்ப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பானது: பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான தீவிரம்.

இந்த 'மிதமான தீவிரம்' என்ற சொல், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியை வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக இருக்காது. 2015-இல் நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் என்ற தேசிய நடை இயக்கம் தொடங்கியபோது எல்லாரும் காலடியைத்தான் எண்ணினார்கள். பிறகு மிதமான, கடுமையான தீவிரத்தில் கழித்த நிமிடங்களும் சேர்ந்துகொண்டன. வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான தீவிரத்தில் இயங்க வேண்டும் என்பது இங்குள்ள வழிகாட்டுதல்.

காலடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடிகாரத்துக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவைப் பார்த்து அடியை ஊகிக்கிறது. தேக்கா சந்தையில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாலோ, பால்குடத்தைத் தலையில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு போனாலோ, கை வீசாததால் எண்ணிக்கை குறையலாம். உட்கார்ந்த இடத்தில் கையைத் தாளமாக ஆட்டினால் கூடலாம். 10,000 அடி என்ற இலக்கு மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்று பொருள்படும் 'மன்போ-கெய்'. அங்கிருந்துதான் அது உலகம் சுற்றியது.

விஓ2 மேக்ஸ் என்பது, உடல் தன் முழு மூச்சுடன் இயங்கும்போது ஒரு நிமிடத்தில் ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதன் உச்ச அளவு. இதை உண்மையிலேயே அளக்க வேண்டுமானால், முகமூடி அணிந்து, மூச்சை ஆய்வு செய்யும் கருவியுடன் இணைந்து, இனி முடியாது என்னும் வரை ஓட வேண்டும். கடிகாரம் அப்படி எதையும் செய்வதில்லை. நீங்கள் எந்த வேகத்தில் ஓடினீர்கள், அப்போது துடிப்பு எவ்வளவு இருந்தது என்ற உறவை வைத்துக் கணிக்கிறது.

தேசிய சேவை செய்தவர்கள் இந்தச் சொல்லைக் கேள்விப்படாமலேயே இதற்கான தேர்வை எழுதியிருக்கிறார்கள். 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்பதை வைத்தே விஓ2 மேக்ஸைக் கணிக்கலாம் என்று காட்டினார். ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து, 44.73-ஆல் வகுக்க வேண்டும். 12 நிமிடத்தில் 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42 வரும். தேசிய சேவையாளர்களுக்கான உடலுறுதித் தேர்வான ஐபிபிடியில் நாம் ஓடும் 2.4 கிலோமீட்டரும் இதே வகை அளவுகோல்தான். 2015-இல் ஐந்து நிலையங்களை மூன்றாகக் குறைத்தபோதும் ஓட்டம் போகவில்லை, நூறில் 50 புள்ளிகள் அதற்கே. ஆகையால், கடிகாரம் 'உங்கள் விஓ2 மேக்ஸ் 47' என்று புகழ்ந்தால், ஒரு நாள் திடலில் 12 நிமிடம் ஓடிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் புகழ்ச்சி ஐந்து புள்ளி அதிகமாகவே இருந்தது.

இந்த ஊரின் வெப்பமும் அந்தக் கணிப்பில் கை வைக்கும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது; உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கிப் போவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். ஓட்டம் நீள நீள, வேகம் மாறாமலேயே துடிப்பு மட்டும் மெல்ல ஏறிக்கொண்டு போகும். இதை 'இதய நகர்வு' எனலாம். குளிர்சாதனக் கூடத்தில் 140 துடிப்பில் ஓடும் வேகத்தை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் காலை பத்து மணிக்கு ஓடினால் 155 ஆகலாம். கடிகாரத்தின் கணக்கோ, 'அதே வேகத்துக்கு அதிகத் துடிப்பு, ஆகவே உடலுறுதி குறைந்துவிட்டது' என்று முடிவு கட்டக்கூடும். வெப்பத்தைக் கணக்கில் சேர்க்கும் கடிகாரங்களும் உண்டு; சேர்க்காதவையும் உண்டு. மெல்பர்னுக்குக் குளிர்காலத்தில் விடுமுறைக்குப் போனவர் ஒரு வாரத்தில் தம் விஓ2 மேக்ஸ் ஏறிவிட்டதாக மகிழ்வதும், திரும்பி வந்து வருந்துவதும் இதனால்தான். வெளியே ஓடுவதற்கு முன், வானிலை ஆய்வகம் வெளியிடும் வெப்ப அழுத்த அளவைப் பார்ப்பது நல்லது; வெப்பநிலை, ஈரப்பதம், வெயில், காற்று நான்கையும் சேர்த்துச் சொல்லும் அந்த அளவு 33-ஐ எட்டினால் அது உயர் நிலை.

பளு தூக்கும் பக்கம் போனால் சொற்கள் எளியவை. ஒரு முறை தூக்கி இறக்குவது ஒரு ரெப். நிறுத்தாமல் செய்யும் ரெப்களின் தொகுதி ஒரு செட். எடை, ரெப், செட் மூன்றையும் பெருக்கினால் வருவது வால்யூம். 40 கிலோவைப் பத்து ரெப் வீதம் மூன்று செட் தூக்கினால் வால்யூம் 1,200 கிலோ. 'ஒன் ரெப் மேக்ஸ்' என்பது ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்ச எடை. புதியவர்கள் அதை நேரடியாகச் சோதிக்கக் கூடாது. எப்லி சூத்திரப்படி, ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டி எடையோடு பெருக்கினால் போதும். 40 கிலோவைப் பத்து முறை தூக்குபவருக்கு ஏறத்தாழ 53 கிலோ. பத்து ரெப்பைத் தாண்டினால் இந்தக் கணிப்பு தடுமாறும். கேபிள் இயந்திரங்களில் ஓர் எச்சரிக்கை: தகட்டில் எழுதியிருக்கும் எண் எல்லா இடத்திலும் கிலோ அன்று. சிலவற்றில் பவுண்டு, சிலவற்றில் வெறும் வரிசை எண். நகரும் கப்பி இருந்தால் கைக்கு வரும் பாரம் பாதிதான். ஆகவே, ஒரு கூடத்தில் 40 தூக்கியவர் இன்னொரு கூடத்தில் 40-ஐ அசைக்க முடியாமல் போனால் மனமுடைய வேண்டாம். எந்தக் கூடத்தின் எந்த இயந்திரம் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் சரி.

வெறுங்காலுடன் உலோகத் தகட்டில் ஏறி நின்று, கைப்பிடிகளைப் பற்றி, ஒரு நிமிடத்தில் தாளில் அச்சாகி வரும் உடற்கூறு அறிக்கையைப் பலர் மருத்துவ அறிக்கைபோல் பத்திரப்படுத்துகிறார்கள். அந்த இயந்திரம் உடலுக்குள் மிக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை கூடும். அளந்தது அந்தத் தடை ஒன்றுதான். கொழுப்பும் தசையும் அதிலிருந்து கணித்தவை. உடலின் நீர் மாறினால் கணிப்பும் மாறும். பயிற்சிக்கு முன்பு, அதே நேரத்தில், அதே இயந்திரத்தில் ஏறி நின்றால் மாதக்கணக்கில் போக்கு தெரியும். நேற்றைக்கும் இன்றைக்கும் 1 விழுக்காடு வித்தியாசம் என்பதற்குப் பொருளே இல்லை. அதே தாளில் இருக்கும், உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐயைப் படிக்கும்போது, சிங்கப்பூரில் அபாயத்தின் தொடக்கம் 25 அன்று, 23 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். உயர் அபாயம் 27.5-இல் தொடங்குகிறது. வெளிநாட்டுச் செயலிகள் 24-ஐப் பச்சை நிறத்தில் காட்டிவிடும்.

எச்ஆர்வி என்ற இதயத்துடிப்பு மாறுபாடு, பெயரால் குழப்பும் சொல். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக நொடிக்கு ஒன்று என்று பொருளில்லை. ஓர் இடைவெளி 0.96 நொடி, அடுத்தது 1.03 நொடி என்று மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாறுதலை மில்லிநொடியில் சொல்வதே எச்ஆர்வி. பொதுவாக நல்ல ஓய்வில் அது கூடும். களைப்பு, காய்ச்சல், மது, உறக்கமின்மை ஆகியவற்றால் குறையும். ஒருவருக்கு 30, இன்னொருவருக்கு 80 இருக்கலாம்; இருவரும் நலமாகவே இருக்கலாம். ஆகவே நண்பரின் எண்ணுடன் ஒப்பிடுவது வீண். சொந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதே செய்தி. இதையும் உறக்கத்தையும் ஓய்வுத் துடிப்பையும் கலந்துதான் காலையில் கடிகாரம் தயார்நிலை மதிப்பெண்ணைப் போடுகிறது. எதற்கு எத்தனை பங்கு என்ற விவரத்தை நிறுவனங்கள் பொதுவாக முழுமையாக வெளியிடுவதில்லை. அன்றைய பயிற்சியை ரத்து செய்யும் அதிகாரத்தை நான் அதற்குக் கொடுப்பதில்லை.

கடைசியாக ஒரு சொல், 'இணைப்பு'. கடிகாரத்தையும் இயந்திரத்தையும் ப்ளூடூத் வழியாக இணைத்துவிட்டால், பட்டை நகர்ந்த தூரத்தை இயந்திரமும், துடிப்பைக் கடிகாரமும் சொல்ல, அவரவர் அளந்தது ஒரே பதிவில் சேரும். வயதும் எடையும்கூடச் சரியாகப் போய்ச் சேரலாம். பட்டியலில் தெரியும் பெயர் உங்களுடையதுதானா என்று பார்த்துத் தொட வேண்டும்; அடுத்த இயந்திரத்தில் ஓடுபவரின் மார்புப் பட்டையைத் தொட்டுவிட்டால் அவருடைய துடிப்பு உங்கள் திரையில் ஓடும். இயந்திரத்திலேயே கணக்குத் திறந்து நுழைந்தவர்கள், இறங்கும்போது வெளியேறும் பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது. பெரியவரிடம் அடுத்த வாரம் எடையைப் பதியச் சொல்லிக் கொடுத்தேன். அவர் 58 என்று தட்டி, கம்பியை விட்டு, அரை மணி நேரம் நடந்தார். இறங்கிய பிறகுதான் பார்த்தோம், அவருக்கு முன் நடந்த யாரோ வெளியேறாமல் போயிருந்ததால் அந்த நடை முழுவதும் அந்த முகம் தெரியாதவரின் கணக்கில் ஏறியிருந்தது.